கடைசிப் பந்தி

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டிக்கு, உன் அண்ணி எழுதுவது.

இங்கே மாமா இருக்கிறார், நானும் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? சலவை ஆலையில் ஆவி பட்டுக் கை வெந்துவிட்டது என்றாயே, ஆறிவிட்டதா?

போனில் பேசினால் நீ அழ, அதைக் கேட்டு நான் அழ, இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுகிறோம். எழுதுங்கள் அண்ணி என்று நீ சொன்னதும் சரிதான். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நிறுத்திப் படி.

உன் அண்ணனை அடக்கம் செய்த மறுவாரமே நான் மாமா இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மாமாவுக்கு மதியச் சாப்பாடு உன் அண்ணன் கையால்தானே. பக்கவாதம் வந்து மாமாவுக்கு வலது கையும் பேச்சும் போனதிலிருந்து, கண்டக்டர் டூட்டி மாறுகிற இடைவெளியில் ஒரு நாள் விடாமல் போய் வந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, ஹாலைக் கூட்டிப் பெருக்குகிற நேரத்துக்குத்தான் அவரால் வர முடியுமாம். இப்போது நான் முன்னாலேயே வந்துவிடுவதால் மாமாவை முதல் பந்தியில் சேர்த்துவிட்டார்கள். ஊட்டிவிட வேண்டியவர்களுக்கெல்லாம் முதல் பந்தி. தானாகச் சாப்பிடுகிறவர்கள் அப்புறம் வருவார்கள். சூடாகக் கிடைக்கும், நல்லதுதான் என்று நினைத்தேன்.

சிஸ்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டக் கூடாது, அவர் கண்ணுக்கு நேராக நாமும் உட்கார வேண்டும். தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். தொண்டை மேடு ஏறி இறங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

அப்படியே செய்தேன். மாமா வாயைத் திறக்கவில்லை. மருமகள் ஊட்டுகிறாளே என்று கூச்சமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியை நீட்டினேன். அப்போதும் இல்லை. என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "அவருக்கு வெளியூர் ரூட் போட்டுட்டாங்க மாமா. வர நாளாகும்." என் வாயால் சொன்னேன் குட்டி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

கை ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது. அப்பா சாப்பிட ஆரம்பித்துவிட்டாரா? அதை முதலில் எழுதுங்கள்.

நீங்கள் பொய் சொல்லக் கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் வேறு வழி இல்லை. அப்பாவுக்கு அண்ணன் என்றால் உயிர். அவரிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர்களிடமும் சொல்லி வையுங்கள். வெளியூர் ரூட் என்பது நல்ல காரணம். எத்தனை நாள் வேண்டுமானாலும் நீட்டலாம்.

அப்பா பிடிவாதக்காரர்தான். ஓட்டலில் அவ்வளவு வருஷம் பரிமாறினவர், நல்லது கெட்டது தெரிந்த நாக்கு. இல்லத்துச் சமையல் பிடிக்காமல் இருக்கலாம். உப்புப் போட்டுப் பாருங்கள்.

ஜூனில்தான் லீவு. அதற்கு முன்னால் கேட்டால் வேலையை விட்டுப் போ என்பார்கள். போன மாதம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? வீட்டில் அடுப்பு மூட்டுகிறீர்களா? போனில் கேட்டதற்கும் பதில் இல்லை.

உங்கள் குட்டி

மார்ச் 2

அன்புள்ள குட்டிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உப்புப் போட்டேன். வெல்லம் போட்டேன். மசித்த கிழங்கும் காயும் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே சேறாகக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று தனித்தனியாக வைத்து, "இது கிழங்கு மாமா, இது முட்டை" என்று சொல்லிச் சொல்லி நீட்டினேன். உதடு பூட்டுப் போட்டது போல. பின்னால் கதவு திறந்தால் மட்டும் கண் அங்கே போகிறது.

காலையிலும் இரவிலும் படுக்கையிலேயே கொடுக்கிற கஞ்சியில் நாலு வாய் உள்ளே போகிறது. அதில்தான் உயிர் நிற்கிறது. போன வாரம் எடை போட்டுப் பார்த்தார்கள், குறைந்திருக்கிறது. சட்டை தோளில் தொங்குகிறது.

ஹாலில் ஒரு ஆயா இருக்கிறாள். கெட்டவள் இல்லை. "எனக்குக் கை ரெண்டு, வாய் ஒம்போது, நான் என்ன பண்ணட்டும்?" என்பாள். ஒரே கரண்டியால் வரிசையாக ஊட்டிக்கொண்டு போவாள். நேற்று நான் பஸ் பிடித்து வருவதற்குள் அவள் மாமாவுக்குக் கழுத்தில் துணியைக் கட்டி, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். "தொறங்க தாத்தா, தொறங்க! அடம் புடிச்சா ஊசி போட்ருவாங்க!" என்கிறாள். மாமா இடது கையால் அந்தத் துணியைப் பிடுங்கிக் கீழே போட்டார். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நின்ற மனுஷர் குட்டி. கன்னத்தில் விரல் அச்சு இருந்தது.

நான் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். சண்டையில் உன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டுமாம். இல்லத்தில் சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவள் நீ. அதனால் உன்னைத்தான் கேட்பார்கள். அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே.

அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. இல்லத்திலிருந்து போன் வந்தது.

ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? குழாய் போட்டால் உயிராவது நிற்கும். ஜூனில் நான் வந்து இறங்கும்போது எனக்கு அப்பா வேண்டும். எப்படியாவது, எந்த நிலையிலாவது. இங்கே ராத்திரி ஷிப்டில் நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணன் கையால் தின்றவர் உங்கள் கையால் ஏன் தின்னமாட்டேன் என்கிறார்? அவசர அவசரமாகத் திணிக்கிறீர்களா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களா? அவர் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சிரித்த முகமாக இருங்கள் அண்ணி. அதற்காக உங்களைக் கெஞ்சுகிறேன்.

குட்டி

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

சிரித்த முகமாக இருக்கச் சொல்கிறாய். பார்க்கிறேன்.

மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் பிடுங்கிவிடுகிறார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். மணிக்கு மணி ஒரு பையில் இருந்து இறங்குகிறது. அவரைச் சாப்பாட்டு ஹாலுக்கு யாரும் கூட்டி வருவதில்லை. எதற்குக் கூட்டிவர வேண்டும்? சிலருக்குக் குழாய்தான் பிழைப்பு என்று சிஸ்டர் சொல்கிறார், இருக்கட்டும். ஆனால் மாமாவுக்கு விழுங்கத் தெரிகிறது. தொண்டை வேலை செய்கிறது. அவர் வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்காமல் மூக்கில் குழாயைச் செருகினால் அதுவும் கன்னத்தை அழுத்துவது மாதிரிதானே?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் உன் அண்ணனுக்காகக் காத்திருக்கிறார். வருவார், வருவார் என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் வருகிறவரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். வராத ஆளுக்கு எத்தனை நாள் காத்திருப்பார்?

என்னைச் சொல்ல விடு. பக்குவமாகச் சொல்கிறேன்.

அந்த ஹாலில் ஒரு டீச்சரம்மா, கண் தெரியாது. தட்டை வைக்கும்போது "டீச்சர், உங்க பக்கம் சோறு, எதிர்ப்பக்கம் காய், வலது கைப்பக்கம் தண்ணி" என்று சொன்னால் போதும், யார் தயவும் இல்லாமல் சுத்தமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள் குட்டி.

அண்ணி

மார்ச் 27

அண்ணிக்கு,

கூடாது. எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவர். சொன்னால் அந்த நிமிஷமே போய்விடுவார், அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும். சொல்லமாட்டேன் என்று எழுதி அனுப்புங்கள்.

குட்டி

ஏப்ரல் 6

அன்புள்ள குட்டிக்கு,

நீ கேட்டபடி எழுதி அனுப்ப இத்தனை நாளும் பேப்பரை எடுத்து எடுத்து வைத்தேன். முடியவில்லை. இனி எழுதி அனுப்பவும் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம். மசித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாமா வழக்கம்போலக் கதவைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, அவர் வெளியூர் போகல. நான் பொய் சொன்னேன். அவர் தவறிட்டார் மாமா. ஜனவரியிலயே தவறிட்டார். நெஞ்சு வலி. நல்லபடியா அடக்கம் பண்ணிட்டோம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை உருவிக்கொண்டு, கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதை மடித்து, மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரைக்கும், திரும்ப அந்த ஓரம் வரைக்கும். கண்ணில் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடுகிறது, கை அது பாட்டுக்குத் துடைக்கிறது. நானும் அழுதேன். அடக்கத்துக்குப் பிறகு யார் முன்னாலும் அழாதவள், அன்றைக்கு ஹாலே பார்க்க அழுதேன்.

நீ பயந்தது நடக்கவில்லை. மாமா இருக்கிறார்.

நான் நினைத்ததும் நடக்கவில்லை. சனி, ஞாயிறு, இன்றைக்கு, மூன்று மதியமும் வாயைத் திறக்கவில்லை. காத்திருக்க இனி ஆள் இல்லை என்று தெரிந்தும் கதவைப் பார்க்கிறார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டு.

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணி என்று எழுதவே கை கூசுகிறது.

உங்களுக்கு அவர் மாமனார். எனக்கு அப்பா. கொஞ்சநஞ்சம் குடித்த கஞ்சியையும் இப்போது துப்புகிறாராம், சிஸ்டர் சொன்னார். சந்தோஷமா?

டாக்டரிடம் பேசிவிட்டேன். வருகிற இருபதாம் தேதி, திங்கட்கிழமை மதியம் ரவுண்ட்ஸ் வரும்போது குழாய் போடுவார்கள். நான் சம்மதம் கொடுத்துவிட்டேன். நீங்கள் தடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 21

அன்புள்ள குட்டிக்கு,

பெயர்கூடப் போடாமல் முடித்திருந்தாய். பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் கிழிக்காமல் கடைசி வரைக்கும் படித்துவிடு.

திங்கட்கிழமை போனேன். டாக்டர் அறை வாசலில் நின்று கெஞ்சினேன். "உங்க நாத்தனார் சொல்லிட்டாங்கம்மா, நான் என்ன செய்யறது?" என்றார். இன்னும் ஒரே ஒரு வேளை பார்க்கிறேன் என்றேன். "ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு ஹாலுக்கு வர்றேன், அதுக்குள்ள பாருங்க" என்று போய்விட்டார்.

இந்தப் பேச்சில் முதல் பந்தி போய்விட்டது. நான் ஹாலுக்குள் நுழைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. குழாய் போடப்போகிற ஆளுக்கு எதற்குச் சாப்பாடு என்று மாமாவைச் சக்கர நாற்காலியோடு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. முதல்முறையாக அவரை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்.

அந்த ஹாலுக்கு இரண்டு கதவு குட்டி. நான் வருவது வராந்தாப் பக்கக் கதவு. மாமா பார்த்துக்கொண்டிருந்தது சமையலறைக் கதவை. தட்டு வருகிற கதவு! இத்தனை நாள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், எந்தக் கதவைப் பார்க்கிறார் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்கிறார், மகனைத் தேடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன்னையும் நம்பவைத்தேன்.

ஒரு தட்டு வெளியே வந்தால் அவர் கண் அதோடு போய், அது யார் முன்னால் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறது. டீச்சரம்மாவின் டம்ளர் காலியாக இருந்தது. மாமா நாற்காலிக் கையில் டொக் டொக் என்று தட்டினார். ஆயா திரும்பிப் பார்த்தாள். மாமா டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் தண்ணீர் ஊற்றும்வரை விடவில்லை.

கை நடுங்குகிற தையல்காரர் ஒருவர் உண்டு, வாய்த்துடுக்கு. கனமான பிடி போட்ட கரண்டி வைத்துத் தானே சாப்பிடுவார். என்னைப் பார்த்துவிட்டு, "வாம்மா. உன் மாமனாருக்கு எங்க மேல என்ன கோவம்? தட்டுல மிச்சம் வச்சா மொறைக்கிறாரு. ஓட்டல் முதலாளி தோத்தாரு போ" என்றார்.

"முதலாளி இல்லைங்க, பரிமாறினவர்" என்றேன். சொன்ன வாயோடு நின்றுவிட்டேன்.

பரிமாறுகிறவன் எப்போது சாப்பிடுவான்? பந்தி முடிந்து, கடைசி ஆள் கை கழுவின பிறகு. வயசெல்லாம் அப்படியே இருந்த மனுஷரைக் கொண்டுபோய், ஒரு ஆள்கூடச் சாப்பிட்டு முடிக்காத ஹாலில் முதல் பந்தியில் உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, தின்னு தின்னு என்றால் எப்படித் தின்பார்?

இரண்டாம் பந்தி முடிகிற வரைக்கும் ஓரமாக நின்றேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மேஜைகளைத் துடைத்தார்கள். அப்புறம் மாமாவை மேஜைக்குக் கொண்டுவந்து, கழுத்துத் துணி இல்லாமல், தட்டை வைத்தேன். கரண்டியை அவர் இடது கையில் கொடுத்து, அந்தக் கைக்கு அடியில் என் கையைத் தாங்கினேன். தூக்குவது அவராக இருக்கட்டும், விழாமல் பிடிப்பது நானாக இருக்கட்டும் என்று.

வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் வாசலில் வந்து நின்றார். பின்னால் சிஸ்டர், கையில் தட்டு, அதில் குழாய். மாமா இப்போது கதவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார்.

தையல்காரர் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நீ சாப்ட்டியா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

"பொய் சொல்றா" என்றார் மாமாவிடம். மாமா தலையை ஆட்டினார். அவருக்கா தெரியாது? பசித்த முகம் எது, பசி தீர்ந்த முகம் எது என்று பார்த்தே பிழைத்தவர்.

அப்போதுதான் ஆயா அன்றைக்குச் சண்டையில் சொன்னது எனக்கு உறைத்தது. உனக்கு எழுதாமல் விட்டேனே, அது. "உன் புருஷன் மட்டும் ஒழுங்கா? வந்ததும் டப்பாவத் தொறந்து தான் கொட்டிக்குவாரு. தான் வயிறு ரொம்பின பொறவுதான் அப்பன் பக்கம் திரும்புவாரு." இதைத்தான் சொன்னாள். செத்த மனுஷனைச் சாப்பாட்டுராமன் என்கிறாளே என்று நான் துடித்துப்போனேன். அதைவிட, உண்மையாக இருக்குமோ என்று பயந்தேன். படுத்த அப்பா பசியோடு பார்த்திருக்க, நான் கட்டிக்கொடுத்ததை இவர் தின்றாரா என்று நினைத்து நினைத்து எனக்கு மனசே கசந்துபோயிருந்தது.

நான் ஆயாவைப் பார்த்து, "எனக்கு ஒரு தட்டு வேணும்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, பானையை வழித்துக் கொஞ்சம் சோறும் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் போனதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு நான் உட்காரவில்லை குட்டி. நீ போனிலும் கடிதத்திலும் கேட்டாய், நான் சொல்லவில்லை. டீயும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் வாய் எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. கீழே இறங்கமாட்டேன் என்கிறது. மாமா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டம்ளரை இடது கையால் என் பக்கம் தள்ளினார். குடித்தேன். இறங்கியது. அடுத்த வாய் எடுத்தேன். வாசலில் டாக்டர் நிற்கிறார், குழாய் நிற்கிறது, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தட்டு காலியானதும் மாமா ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். யாரும் பாக்கி இல்லை.

கரண்டி தூக்கினது அவர்தான். என் கை அடியில் இருந்தது, அவ்வளவுதான்.

மெதுவாகத்தான். நடுவில் ஒரு தடவை இருமினார், எனக்கு உயிரே போய்விட்டது. முகவாயைக் கீழே சாய்த்துப் பிடித்ததும் சரியானது. பாதித் தட்டு சாப்பிட்டார். டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். எடை இன்னும் குறைஞ்சா போட்டுத்தான் ஆகணும்" என்றார். உனக்கும் போன் செய்வதாகச் சொன்னார்.

உன் அண்ணன் தெரிந்து செய்தாரா, பசியில் செய்தாரா, எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை.

அண்ணி

மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

மாமா எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதும் முன் டாக்டர் சொல்லிவிட்டார். மாமா என்று எழுதிவிட்டேன் பாருங்கள், உங்கள் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்து உங்கள் வார்த்தை ஒட்டிக்கொண்டது. எடை குறையவில்லையாம். குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். இதை எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை. உங்களுக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை அண்ணி. ஓட்டலில் ஷட்டரை இறக்கினபிறகு அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடுவாராம். வீட்டிலும் எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, நாங்கள் தூங்கப் போனபிறகு சமையலறையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. உப்புப் போடுங்கள் என்று உங்களுக்கு எழுதினேன்.

இங்கே என்னோடு வேலை செய்கிறவளிடம், எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், பஸ் கண்டக்டர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் அவள், "உங்க அண்ணன் லீவுக்கு வரமாட்டாரா?" என்றாள். வெளியூர் ரூட் என்றேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னதை என்னிடமும் சொல்லுங்கள். அண்ணன் எப்படிச் செத்தான்? போனில் நீங்கள் சொல்ல வந்தபோதெல்லாம் நான் வைத்துவிட்டேன். இப்போது சொல்லுங்கள்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். லீவு கிடைத்துவிட்டது.

உங்கள் குட்டி

மே 16

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. வேலை முடிந்து உட்கார்ந்த பிறகு இதைப் படி.

டிப்போ வாசலில் நடந்தது. காலை டூட்டி முடித்துக் கணக்கு ஒப்படைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். டீ வாங்கினார். டிரைவரிடம் ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். "ஒரு மாதிரி இருக்குடா" என்று படியில் உட்கார்ந்தார். டிரைவர் தோளில் சாய்ந்தார். டீ கீழே கொட்டவில்லை, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாய்ந்தார் என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது முகம் நன்றாக இருந்தது, அசந்து தூங்குகிற மாதிரி. நெற்றியில் தொப்பி அழுத்தின கோடுகூடப் போகவில்லை. வலி இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் போல. நான் நம்பிக்கொண்டேன். நீயும் நம்பிக்கொள்.

உன்னை எதிர்பார்த்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் வைத்திருந்தோம். வர முடியவில்லை என்று தெரிந்துதான் எடுத்தோம். அதற்காக உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாமாவை இப்போது எல்லாருக்கும் கடைசியாகத்தான் கூட்டி வருகிறார்கள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஹாலைக் கூட்டுகிறார்கள், ஆயாவுக்கு அரை மணி நேரம் பிந்துகிறது. முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள். "தாத்தா, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதா, நான் போலாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். எல்லா நாளும் நல்ல நாள் என்று சொல்லமாட்டேன். சில நாள் நாலு வாயோடு நிறுத்திக்கொள்கிறார். புரையேறினால் எல்லாரும் ஓடி வருகிறோம். குழாய் ஒரு நாள் வரத்தான் வரும் என்று சிஸ்டர் சொல்கிறார். வந்தால் வரட்டும். அது வரைக்கும் அவர் கரண்டி அவர் கையில் இருக்கட்டும்.

நீ வருகிறாய் என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்லவைத்தார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஹாலுக்கு வந்தால் அவரைப் பார்த்ததும் உனக்கு அழுகை வரும். காலைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றும். அழுதுகொள், ஆனால் அதை அப்புறம் வைத்துக்கொள். வழியில் எதையும் தின்றுவிட்டு வராதே, பசியோடு வா. உனக்கும் ஒரு தட்டு சொல்லி வைக்கிறேன். உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடு. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் பட்டினி.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அண்ணி